கந்தக வாளியில் வந்த மூன்று பேர்

விருதுநகரில் கடல் கிடையாது. ஆறு என்று வரைபடத்தில் இருப்பதும் பெரும்பாலும் மணல்தான். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் கப்பலுக்குச் சாமான் செய்தேன் என்று சொன்னால், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்.

போன மாதம் பட்டறையிலிருந்து ஒரு பிட்டர் போன் செய்தான். “பாய், துறைமுகத்துல புதுசா திருகு மிஷின் வருதாம்ல? கப்பலுக்குள்ள மூக்கை விட்டுச் சரக்கை அப்படியே சுருட்டி மேல கொண்டாந்துருமாம். இனிமே நம்ம வாளிக்கு வேலை இல்லேங்காக. நீங்க இருந்த காலத்தைப் பத்தி எழுதிக் குடுங்க, நாங்க தெரிஞ்சுக்கிடுதோம்” என்றான். நான் இருந்த காலம் என்று அவன் சொன்னது போன வருடத்துக்கு முந்திய வருடம் வரைக்கும். அதற்குள் நான் சரித்திரம் ஆகிவிட்டேன். சரி, எழுதுகிறேன்.

முதலில் வாளி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கப்பலின் வயிற்றில் மூட்டை கட்டாமல் மலையாகக் கொட்டிக் கிடக்கும் சரக்கை, நிலக்கரியோ உரமோ துவரையோ, கிரேன் கயிற்றில் தொங்கும் இரண்டு தாடை உள்ள இரும்புச் சாமான் ஒன்று கடித்து அள்ளும். கரையில் நிற்கும் பெரிய புனலின் மேல் வந்து வாயைத் திறக்கும். புனலுக்கு அடியில் லாரி நிற்கும். துறைமுகத்தில் அதற்கு கிராப் என்று பெயர். எங்கள் பட்டறையில் வாளி. நாலு கயிறு. இரண்டு தூக்கிப் பிடிக்க, இரண்டு தாடையை மூட. மூடும் கயிறு தளர்ந்தால் அடி திறந்து உள்ளே இருப்பதெல்லாம் கீழே விழும். விழ வேண்டும். அதற்காகத்தான் செய்தது.

என் பெயர் சாகுல். ஊரில் எல்லோருக்கும் பாய். ஐ.டி.ஐ. முடித்து அண்ணாச்சியின் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தபோது அங்கே பருப்பு மில்லுக்கு எலிவேட்டரும் சல்லடையும் செய்துகொண்டிருந்தார்கள். கண் எரிந்தது, கை சுட்டது, வேலை படிந்தது. அந்த வருடங்களைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணாச்சி வாளிக்கு வந்தது ஒரு வயிற்றெரிச்சலில். அவருடைய சம்பந்தி பருப்பு வியாபாரி. வெளிநாட்டுத் துவரை கப்பலில் வருகிறது என்று அண்ணாச்சியையும் பார்க்கக் கூட்டிப்போனார். அங்கே இருந்த பழைய வாளியின் வாய் சரியாக மூடாது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில், வாளி போகும் வழியெல்லாம் துவரை கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தி அதை “வழக்கமான சேதாரம்” என்றார். மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்ததும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“பாய், நம்ம ஊருக்கு வர்ற துவரையை வழியில மீனு திங்குது.”

“அப்படியா அண்ணாச்சி.”

“நல்லா தின்னு கொளுத்துப்போயிக் கெடக்கு. நாம ஒரு வாளி செஞ்சா என்ன?”

கப்பலை ஒரே ஒரு தடவை பார்த்த அண்ணாச்சியும், பார்த்தே இராத நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து கப்பலுக்கு வாளி செய்ய ஆரம்பித்தது இப்படித்தான். இலக்கு, தொலைநோக்கு என்றெல்லாம் பின்னால் சிலர் எழுதினார்கள். மீன் மேல் இருந்த பொறாமைதான் காரணம். நான் சாட்சி.

அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கிரீஸும் கரியும் புகுந்து விளையாடுகிற பட்டறையில் நாள் முழுக்க நடப்பார், சாயங்காலம் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. யாரையும் திட்ட மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். “வாங்க” என்றால் சாதாரணம். “வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீகளா?” என்றால் வெல்டிங்கில் ஏதோ ஓட்டை. “வீட்டுல எல்லாரும் சொகமா இருக்காகளா?” என்று கேட்டுவிட்டார் என்றால் அந்த வேலையை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் மரியாதை. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலாளிக்கு நம்மேல் எவ்வளவு பிரியம் என்று நெகிழ்ந்துபோவார்கள். ஒரு வாரத்தில் அந்தப் பிரியத்துக்கு நடுங்க ஆரம்பிப்பார்கள்.

வாளியைச் சோதிக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். சிவகாசியில் அச்சடித்த தினசரிக் காலண்டர் எங்கள் பக்கம் வீட்டுக்கு நாலு தொங்கும். கிழித்த தாள்களை அவர் சேர்த்து வைப்பார். வாளியைத் தூக்கித் தொங்கவிட்டு, தாடைகளுக்கு நடுவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வரிசையாகத் தாள்களைப் பிடிக்கச் சொல்லி வாயை மூட வைப்பார். பிறகு ஒவ்வொரு தாளையும் தானே இழுப்பார். கிழிந்தால் வாய் சரியாக மூடியிருக்கிறது. முழுசாக வந்துவிட்டால் அந்த இடத்தில் இடைவெளி. முழுசாக வந்த தாளை அவர் என் கையில் தருவார். அதில் அன்றைய ராசிபலன் இருக்கும். “மனக்குழப்பம் நீங்கும்” என்று போட்டிருக்கும். அண்ணாச்சி என் வீட்டாரின் சுகத்தை விசாரிப்பார்.

அது முடிந்தால் கேப்பை. வாளி நிறையக் கேழ்வரகைக் கொட்டி, அடியில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். கண்ணுக்குத் தெரியாத இடுக்கு கேப்பைக்குத் தெரியும். அவர் ஒரு காப்பி குடித்து, பேப்பர் படித்து முடிக்கும்வரை வேட்டியில் ஒரு மணி விழக் கூடாது. எங்கள் வாளிகள் நிலக்கரி அள்ளப் போனவைதான் அதிகம். நிலக்கரிக்கு எதற்குக் கேப்பைச் சோதனை என்று ஒரு தடவை கேட்டேன். “நிலக்கரி மட்டும் என்ன பாவம் செஞ்சிச்சு பாய்?” என்றார்.

லாரியில் ஏற்றி அனுப்பும்போது வாளியின் தலையில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவார். வண்டி சாத்தூர் தாண்டி இருக்கன்குடி விலக்கில் நிற்கும். அவர் மாரியம்மன் இருக்கும் திசைக்குக் கும்பிடுவார். நான் ஒரு பாத்திஹா ஓதுவேன். எந்தப் பக்கமும் குறை வைக்காமல் வாளி கடலுக்குப் போகும். வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, “என்னய்யா இது?” என்று கேட்டார். “வாளி சார்” என்றேன். வாளியைச் சுற்றி வந்து பார்த்தார். “எந்தக் கிணத்துக்கு?” என்றார்.

இனி கந்தகம்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் கந்தகத்தைத் தெரியாதவர் இல்லை. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அதுதான் உயிர். சில வருடங்களுக்கு முன், கடற்கரையில் ஒரு தனியார் சரக்கு முனையத்திலிருந்து ஆர்டர் வந்தது. கப்பலில் மஞ்சள் மலையாக வரும் கந்தகத்தை அள்ள வாளி வேண்டும். தீப்பொறி வரக் கூடாது. கந்தகத் தூசி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். ஆர்டரைப் படித்துவிட்டு அண்ணாச்சி வெகுநேரம் சிரித்தார்.

“சுத்துப்பட்டு ஊர் பூரா பொறி வரணும்னு வேலை செய்யுது. நம்மகிட்ட மட்டும் பொறி வராம ஒண்ணு கேக்காக பாருங்க.”

ஆனால் அவருக்கு உடனே பிடிபட்டது. பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து அறைக்குள் இரும்புச் சாமான் நுழையாது. மரம், செம்பு, பித்தளை. அதே வழிதான். தாடையின் விளிம்பு முழுக்க வெண்கலக் கலவையில் வார்த்து, தேய்ந்தால் மாற்றுகிற மாதிரி போல்ட் போட்டுப் பொருத்தினோம். பக்கவாட்டில், எல்லா வாளியிலும் எழுதுவது போல, “ஆட்கள் ஏறக் கூடாது” என்று சிவப்பில் எழுதினோம். சிவகாசியில் லேபிள் எழுதிப் பழகிய ஓவியர் ஒருவரைப் பிடித்து எழுத வைத்தோம். எவ்வளவு தூரத்திலிருந்து படித்தாலும் தெளிவாகத் தெரியும் எழுத்து. அந்தத் தெளிவுதான் பின்னால் வினையாக வந்தது.

முதல் கப்பலுக்கு அண்ணாச்சி என்னை அனுப்பினார். விளிம்பு எப்படித் தேய்கிறது என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும். எனக்கு உயரம் ஆகாது, கடலும் ஆகாது. கப்பல் என்பது இரண்டும் சேர்ந்தது. தளத்தில், சரக்கறையின் விளிம்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பதுதான் என் வேலை. கீழே ஐந்தாறு மாடி ஆழம்.

கிரேன் ஓட்டியவர் ஜெபராஜ். கடற்கரை ஊர்க்காரர், ஒல்லி, நாற்பதைத் தாண்டாதவர். கிரேன் கேபினுக்கு ஏறும் முன் பல் குத்திக்கொண்டே வாளியைச் சுற்றிப் பார்த்தார். “அழகா இருக்கு பாய். கல்யாணத்துக்கு அண்டா கொண்டு வந்த மாதிரி இருக்கு” என்றார். அண்டா என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் கை வாளியை இறக்கிய விதத்தைப் பார்த்ததும் மன்னித்துவிட்டேன். தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி இறக்கினார்.

கந்தகத்தை அள்ளும்போது மேலே தண்ணீரைப் பூத்தூறலாகத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், தூசி கிளம்பாது. முதல் நாள் தெளித்தார்கள். இரண்டாம் நாள் சரக்கு வாங்குபவர் வந்து, ஈரக் கந்தகம் எனக்கு வேண்டாம் என்றார். முனையத்தின் மேலாளர் யோசித்தார். சின்ன வயது, நல்ல மனிதர், எல்லோருக்கும் நல்லவராக இருக்க வேண்டும் என்ற வியாதி மட்டும் உண்டு. “கொஞ்சமா தெளிங்க” என்றார். கொஞ்சம் என்பது மூன்றாம் நாள் இல்லை என்று ஆகியிருந்தது.

அன்று முற்பகல். அறை ஏறக்குறையக் காலி. மூலைகளில் ஒட்டிக் கிடப்பதைக் கூட்டிக் குவிக்க முன்பக்கம் அள்ளும் வாய் வைத்த சின்ன பேலோடர் வண்டி ஒன்றை உள்ளே இறக்கியிருந்தார்கள். அதன் ஓட்டுநரும், மண்வெட்டியோடு இரண்டு பேரும் கீழே. எங்கள் வாளிக்கு வெண்கல விளிம்பு. அந்த பேலோடரின் வாய்க்கோ சாதாரண இரும்பு. இரும்புத் தரையில் அது உராய்ந்துகொண்டிருந்தது. எங்களை மட்டும் பொறி வராமல் செய்யச் சொன்னவர்கள், பொறி எங்கள் வழியாக மட்டும்தான் வரும் என்று நம்பிவிட்டார்கள்.

கீழே ஒருவர் கண்ணைத் துடைத்தார். இன்னொருவர் இருமினார். தூசிதான் என்றார் என் பக்கத்தில் நின்ற சிக்னல்காரர். அதற்குள் என் மூக்கில் ஏறிவிட்டது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் எங்கள் தெருக்களில் இருக்கும் வாடை.

“தீ!” என்று கத்தினேன்.

“எங்கன பாய் தீ? ஒண்ணுமே தெரியலையே!”

தெரியாது. கந்தகத் தீ நீலம். பகல் வெயிலில் கண்ணுக்குப் பிடிபடாது. புகையும் பெரிதாகக் கிளம்பாது. தார் ரோட்டின் மேல் காற்று நெளியுமே, அப்படித்தான் அறையின் பின்பக்கம் நெளிந்துகொண்டிருந்தது. ஏணி இருந்ததும் பின்பக்கம்தான். மூன்று பேரும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு முன்மூலைக்கு ஓடினார்கள். அந்தக் காற்றை நாலைந்து தரம் ஆழமாக இழுத்தால் போதும். நெஞ்சு அடைத்துவிடும்.

சிக்னல்காரரின் வாக்கி டாக்கியில் கரையிலிருந்து மேலாளரின் குரல் கேட்டது. “தூக்குங்கப்பா! எதையாவது வச்சுத் தூக்குங்க! ஜெபராஜ், தூக்கு!”

கிரேனில் தொங்கியது ஒன்றுதான். ஜெபராஜ் அதைப் புனலின் மேல் வைத்துக் காலி செய்துகொண்டிருந்தார். முழுக்கக் கொட்டி முடியும் முன்பே வாளி திரும்பியது. என் தலைக்கு மேலாக மஞ்சள் தூள் சிந்திக்கொண்டு போய், அறைக்குள் இறங்கி, அந்த மூன்று பேருக்கும் ஒரு கை தூரத்தில், தரையில் உட்கார்ந்து, மெதுவாக வாயை மூடியது. பேலோடர் ஓட்டுநர் மற்ற இருவரையும் தோள் கொடுத்து ஏற்றினார். இரண்டாவது ஆள் ஏறும்போது இருமலில் கை வழுக்கி விழுந்தார். மறுபடி ஏற்றினார். கடைசியாகத் தானும் ஏறி உள்ளே விழுந்தார்.

அப்போதுதான் எனக்குக் கயிறு நினைவுக்கு வந்தது. வாளி தூக்கும்போது மூடும் கயிறுதான் முதலில் இறுக வேண்டும். அது இம்மி தளர்ந்தால் அடி திறக்கும். மூன்று மனிதர்கள் ஐந்தாறு மாடி உயரத்திலிருந்து இரும்புத் தரையில் விழுவார்கள். சரக்கு விழுந்தால் திரும்ப அள்ளலாம். நான் அல்லாஹ்வைக் கூப்பிட்டேன். பக்கத்தில் சிக்னல்காரர் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாளி ஏறியது. துள்ளவில்லை, சுழலவில்லை. விளிம்புச் சுவரைத் தாண்டி என் முகத்துக்கு நேரே போனபோது உள்ளே ஒருவர் வாளியின் இணைப்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார்.

கரையில் இறக்கினாலும் ஆபத்து. தரையில் வைத்துக் கயிறு தளர்ந்தால் தாடை அசைந்து காலை நசுக்கும். ஜெபராஜ் வாளியை அந்தரத்திலேயே நிறுத்தினார். ஒரு லாரியைப் பக்கத்தில் ஓட்டிவந்து நிறுத்தினார்கள். மூன்று பேரும் லாரிப் பெட்டிக்குள் இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வண்டி போன பிறகும் ஜெபராஜ் கேபினை விட்டு இறங்கவில்லை. யாரோ ஏறிப் போய்ப் பார்த்தால், லீவரிலிருந்து கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாராம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்கள்.

தீயைத் தூறல் அடித்து அடக்கினார்கள். அதே தூறல்தான்.

மூன்று பேரும் பிழைத்தார்கள். அடுத்ததாக விசாரணை வந்தது.

யாரோ கரையிலிருந்து போனில் ஒரு படம் எடுத்திருந்தார். நல்ல படம். நீல வானம், நடுவில் வாளி, வாளிக்கு மேலே மூன்று தலைகள், அவற்றுக்கு நேர் கீழே, சிவகாசி ஓவியர் கைவண்ணத்தில், “ஆட்கள் ஏறக் கூடாது.” விசாரணைக் குழுவினர் அந்தப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். தீயைப் பற்றிய படம் அவர்களிடம் இல்லை. அதுதான் கண்ணுக்கே தெரியாதே. ஆகவே கண்ணுக்குத் தெரிந்த குற்றத்தை விசாரித்தார்கள்.

“தூக்கச் சொன்னது யார்?” என்று ஜெபராஜைக் கேட்டார்கள். அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மேஜையைப் பார்த்தார். அந்தப் பதற்றத்தில் தான் என்ன சொன்னோம் என்று சரியாக நினைவில்லை என்றார். நான் எழுந்து, எனக்கு நினைவிருக்கிறது, நானே காதால் கேட்டேன் என்றேன். நீங்கள் வெளியாள், உங்கள் சாட்சியம் பதிவுக்கு வராது, உட்காருங்கள் என்றார்கள். வெளியாளுக்கும் டீ கொடுத்தார்கள். அதைச் சொல்ல வேண்டும்.

வாளி செய்தவர் என்ற முறையில் அண்ணாச்சியைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏ.சி. அறையில் வெள்ளை வேட்டியோடு போய் நின்றார்.

“உங்கள் தயாரிப்பு மனிதர்களை ஏற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டதா? ஆம், இல்லை என்று சொல்லுங்கள்” என்று கேட்டார் குழுத் தலைவர்.

ஆம் என்றால் பொய். இல்லை என்றால் ஜெபராஜின் வேலை போகும். அண்ணாச்சி தலைவரைப் பார்த்து, “ஐயா, வீட்டுல எல்லாரும் சொகமா இருக்காகளா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தம் அங்கே எனக்குத்தான் தெரியும். தலைவர் குழம்பிப்போய், “ம்... நல்லா இருக்காங்க” என்றார்.

“சந்தோஷம். கப்பல் அடியில என்ன கெடந்தாலும் பத்திரமா மேல கொண்டாரணும்னுதான் ஐயா இதைச் செஞ்சோம். அன்னைக்கு அங்கன மனுசன் கெடந்தான்.”

கைதட்டல் வரும் என்று ஒரு நொடி நினைத்தேன். தலைவர் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம், “கேள்விக்குப் பொருந்தாத பதில் என்று குறித்துக்கொள்ளுங்கள்” என்றார்.

முடிவு வந்தது. பாதுகாப்பு விதியை மீறியதற்காக ஜெபராஜுக்கு ஒரு மாதம் தற்காலிகப் பணிநீக்கம். அதே வாரத்தில், ஓர் உயிர்கூடப் போகாமல் தீ விபத்தைச் சமாளித்ததற்காக முனையத்துக்குப் பாராட்டுக் கேடயம். கேடயம் வாங்கப் போனவர் மேலாளர். அவர் முகத்தைப் படத்தில் பார்த்தேன். துக்க வீட்டில் மாலை போட்டது போல இருந்தது.

அந்த ஒரு மாதமும் ஜெபராஜ் எங்கள் பட்டறையில் இருந்தார். அண்ணாச்சிதான் ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார். “சும்மா இருக்கீக. வந்து இங்கன ஒரு யோசனை சொல்லுங்க” என்றார். மனிதரைத் தூக்கவே ஒரு கூண்டு செய்வது என்பது யோசனை. அடி திறக்காதது, சுற்றிலும் கம்பி, கிரேன் கொக்கியில் சட்டென்று மாட்டுகிறது. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் அண்ணாச்சியும் ஜெபராஜும் மூன்று நாள் சண்டை போட்டார்கள். பணிநீக்கத்தில் இருப்பவருக்கு முதலாளியிடம் என்ன பயம்? உள்பக்கம் திறக்கிற கதவுதான் ஜெயித்தது.

செய்து முடித்ததும் முனையத்துக்கு இலவசமாகவே தருகிறேன் என்றார் அண்ணாச்சி. இலவசமாக வாங்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. சில நாள் கழித்து அந்த மேலாளரே பட்டறைக்கு வந்தார், தனியாக, பஸ்ஸில். கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜெபராஜ் கிரைண்டிங் போட்டுக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. மேலாளர் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அப்புறம் சொன்னார்:

“எனக்கு நினைவு இருந்தது ஜெபராஜ்.”

ஜெபராஜ் கிரைண்டரை அணைத்தார். “தெரியும் சார்” என்றார். “டீ சாப்பிடுங்க.”

கூண்டுக்கு முறையான ஆர்டர் அதற்குப் பிறகு வந்தது. மேலாளர் யாரிடம் என்ன சொல்லி வாங்கினாரோ.

நான் ஓய்வு பெறும் முன் கடைசியாகத் துறைமுகம் போனது அந்தக் கூண்டைப் பார்க்கத்தான். கப்பல் அணையும் இடத்தில், ஒரு தூணில், பூட்டுப் போட்டு மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் பலகை: “அவசரத்திற்கு மட்டும். பயன்படுத்தும் முன் எழுத்துமூலமான அனுமதி பெறவும்.” மேலாளர் மாறிப் போயிருந்தார். புதியவர் விதிகளில் கறாரானவராம்.

ஜெபராஜ் கிரேனிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு பேரும் அந்தப் பலகையை ஒரு தரம் முழுசாகப் படித்தோம்.

“ஜெபராஜ், ஆண்டவன் காப்பாத்தணும், இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா என்ன செய்வீரு? பூட்டு, சாவி, அனுமதி...”

அவர் பல் குத்திக்கொண்டே கிரேனை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வாளி அதில் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“எது தொங்குதோ அது, பாய்” என்றார்.